நிலக்கண் ‘நீர்’ என்று சொன்ன ஊர்

மணல்காட்டுப் புதூரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், நாற்பது தறிக்கூடங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ரேஷன் கடை எல்லாம் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை லாரி வரும். அந்த ஊரை நிலக்கண் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ‘நீர்’ என்று குறித்தது.

மோனிஷா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஒன்பது வருடமாக அவளுக்குத் தரைச் சரிபார்ப்பு வேலை. நிலக்கண் என்ற இயந்திரம் செயற்கைக்கோள் வழியே வானத்திலிருந்து ஆற்றுப்படுகை முழுவதையும் பார்க்கும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வகை சொல்லும். வயல், தரிசு, காடு, தோட்டம், குடியிருப்பு, நீர் என்று மொத்தம் பதினொரு வகைகள். சந்தேகமான இடத்துக்கு ஆள் நேரில் போய் நின்று, ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ கைரேகை வைக்க வேண்டும். அதன் பிறகு சட்டம் தானாக ஓடும். ‘நீர்’ என்று உறுதியான இடத்தில் ஒன்பதாம் நாள் மின்சாரம் நிற்கும், ஆட்கள் வெளியேற வேண்டும். ‘காடு’ என்றால் முப்பது நாள். ஏரிகளை மனை போட்டு விற்ற காலத்தில் வெள்ளத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள், தெருவில் உட்கார்ந்து போராடி வாங்கிய சட்டம் அது. அதில் யாரும் விலக்குக் கேட்க முடியாது.

ஒரு காலத்தில் அந்த இடத்தில் மஞ்சனையாறு ஓடியது உண்மைதான். நாற்பது வருடத்துக்கு முன்பே அது வற்றி, மணலும் அள்ளப்பட்டு, வெறும் பள்ளமாகி, பிறகு பள்ளமும் தூர்ந்து, வீடில்லாதவர்களுக்குப் பட்டா கொடுக்கப்பட்ட நிலம். மோனிஷா போய் நின்று பார்த்தாள். காலடியில் புழுதி பறந்தது. ‘தவறு’ என்று ரேகை வைத்தாள்.

பதினைந்து நாளில் நிலக்கண் மறுபடியும் ‘நீர்’ என்றது. முதல் முறை அறுபத்தொரு சதவீத உறுதி, இப்போது எண்பத்து நான்கு. அவள் மறுபடி போனாள், மறுபடி ‘தவறு’ வைத்தாள். அதற்கடுத்த பதினைந்து நாளில் தொண்ணூற்று ஏழு.

சரிபார்ப்பாளர் சொன்னால் அடங்கிப் போவதுதான் நிலக்கண்ணின் வழக்கம். இப்படி அது பிடிவாதம் பிடித்ததே இல்லை. மோனிஷா தலைமையகத்தில் அதைப் பராமரிக்கும் இஸ்மாயிலைக் கூப்பிட்டாள்.

“உங்க மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

இஸ்மாயில் சிரிக்கவில்லை. “நானும் ஒரு வாரமா அதையேதான் மேடம் நோண்டிக்கிட்டு இருக்கேன். எழுபது வருசத்துப் படம் அதுகிட்ட இருக்கு. அதுபோக பூமி மில்லிமீட்டர் கணக்குல உப்புறது, இலையோட சூடு, மண்ணுக்குக் கீழ கனம் கூடுறது குறையுறது எல்லாமே அதுக்குத் தெரியும். நாம இருக்கிறத சொல்லுன்னுதான் கத்துக்கொடுத்தோம்.”

“அப்புறம்?”

“இப்ப அது இருக்கிறத சொல்லல மேடம். ஆகப்போறத சொல்லுதுன்னு நெனைக்கிறேன். அத யாரும் சொல்லிக் கொடுக்கல. அதுவா கத்துக்கிச்சு.”

“எப்ப ஆகும்?”

“அது நாள் சொல்லாது. வகை மட்டும்தான் சொல்லும்.”

மோனிஷா அன்று மூன்றாம் முறையாகப் புதூருக்குப் போனாள். இந்த முறை ரேகை வைக்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தெருத்தெருவாக நடந்தாள். சுவர்களைத் தொட்டுப் பார்த்தாள். கைவிட்ட கிணற்றுக்குள் டார்ச் அடித்தாள். குப்பையும் பாட்டில்களும்தான் தெரிந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஊர்ச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து தன் தறிக்கூடத்து வாசலில் நின்று அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். எட்டுத் தறி போட்டிருந்தார்.

“ஏனுங் மேடம், மூணாவது தடவ வந்துட்டீங்க. உள்ள வந்து ஒரு டம்ளர் மோர் குடிங்க. எங்கூர்ல தண்ணிதான் இல்லீங்க, மோர் இருக்குது.”

தறிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மோரை வாங்கிக்கொண்டு அவள் சும்மா கேட்டாள். “தொழில் எப்படிங்க போகுது?”

“ஒரு கொறையும் இல்லீங்க. அதென்னமோ ரெண்டு மாசமா பாவு அறுகறதே இல்ல பாருங்க. முன்ன எல்லாம் இந்த வெயிலுக்கு நூலு காஞ்சு, நிமிசத்துக்கு ஒருக்கா பட்டு பட்டுன்னு அறுகும். தண்ணி தெளிச்சுத் தெளிச்சே மாளாது. இப்பத் தெளிக்கறதே இல்லீங்க. தறி ஒரே சீரா ஓடுது. அந்த மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா.”

மோனிஷாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

“எல்லாக் கூடத்துலயும் இப்படித்தானுங்களா?”

“பள்ளத்துப் பக்கம் இருக்கற கூடம் அத்தனையும் இப்படித்தான். மேட்டுல இருக்கறவனுக்கு மட்டும் அறுகுதாம்.” அவர் பெருமையாகச் சிரித்தார்.

அவள் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். சிமெண்டுத் தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கோடையில் இருக்கக் கூடாத ஒரு குளிர்ச்சி அதில் இருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் நூல் அறாது. மழையும் இல்லை, தெளிக்கவும் இல்லை. பின் ஈரம் எங்கிருந்து வருகிறது? கீழேயிருந்துதான் வர முடியும். தன் கால்களுக்கடியில் மிகப் பெரிதாக ஒன்று சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போயின. ஒருத்தி வாசலில் வடகம் காயப்போட்டாள். பிறகு மோனிஷா கருவியை எடுத்து, ‘சரி’ என்பதில் கட்டைவிரலை வைத்தாள்.

நாச்சிமுத்துவிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். புரிந்ததும் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். எட்டாவது தறி நின்றதும் அந்த அமைதியில் அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“நம்பி உள்ள கூப்ட்டு மோர் குடுத்தேன். எம்வாயாலயே எங்கூர எழுதி வாங்கிப்போட்டீங்களே, அம்மணி.”



ஒன்பதாம் நாள் மின்சாரம் நின்றது. ஊர் ஜனம் தட்டுமுட்டுச் சாமான்களோடு மேட்டிலிருந்த பழைய விற்பனைக்கூடத்துக்கு ஏறியது. மஞ்சள் மூட்டை அடுக்கும் கொட்டகைகளில் சேலைகளைத் தடுப்பாகக் கட்டி இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கின. பத்தாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாளும் இல்லை. புதூரின் தெருக்களில் புழுதிதான் பறந்தது. செய்தியாளர்கள் வந்து காய்ந்த மண்ணைப் படமெடுத்தார்கள். பதினைந்தாம் நாள் இளவட்டங்கள் பூட்டை உடைத்துத் தத்தம் வீடுகளில் படுத்துக்கொண்டார்கள். மோனிஷாவை இடைநீக்கம் செய்யச் சொல்லி ஒரு கூட்டம் அலுவலகத்தை முற்றுகையிட்டது. அவள் தினமும் காலையில் புதூருக்கு வந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒவ்வொரு வீட்டிலும் நின்று, “இன்னும் ரெண்டு நாள் பொறுங்க, மேல போயிடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன் அவள் மேல் மண்ணை வாரி வீசினான்.

பதினேழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. மோனிஷா ரேஷன் கடைக்கு எதிரில் நின்றிருந்தாள். தெருவின் நடுவில் மண் நிறம் மாறியது. காய்ந்த துணியில் தண்ணீர் பரவுவது போல், ஒரு கருமை மெல்ல நீண்டுகொண்டே போனது. கருமையில் சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்தன. பிறகு மணல் அரிசி கொதிப்பது போலத் துள்ளியது. அதிலிருந்து தண்ணீர் வந்தது.

சேறு கலந்த வெள்ளமாக அது வரவில்லை. பாய்ந்தும் வரவில்லை. கண்ணாடி போல, ஐஸ் போலக் குளிர்ந்து, சத்தமே இல்லாமல் நிலத்திலிருந்து எழுந்தது. முதலில் அவள் செருப்பை நனைத்தது. அரை மணியில் கணுக்கால். வீடுகளில் படுத்திருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் அலறவில்லை. ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பயந்து ஓடவும் தோன்றாமல், தன் வீட்டுப் படியை நீர் ஒவ்வொன்றாக மூடுவதைக் கோயிலில் நிற்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோனிஷாதான் போய் அவள் தோளைத் தொட்டு மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

மதியத்துக்குள் முழங்கால் ஆழம். நீர் ஒரு திசையைக் கண்டுபிடித்துக்கொண்டது. நாற்பது வருடம் மறந்திருந்த கிழக்கைப் பார்த்து மெல்ல நகரத் தொடங்கியது. மூன்று மணிக்கு முதல் வீடு உட்கார்ந்தது. மண் இளகி, அஸ்திவாரம் நழுவி, களைத்த மனிதர் கீழே உட்காருவதைப் போல மெதுவாக உட்கார்ந்தது. பிறகு அடுத்தது. மேட்டில் ஆயிரம் பேர் நின்று தங்கள் வீடுகள் ஒவ்வொன்றாக உட்காருவதைப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். அழுதவர்களும் பார்ப்பதை நிறுத்தவில்லை. கீழே வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு ஆறு போய்க்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பிறந்ததிலிருந்து ஓடும் ஆற்றைப் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு நீரில் நின்று, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். தன் தறிக்கூடம் இருந்த பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள்கள் குலுங்குவது மேட்டிலிருந்து தெரிந்தது. கரையேறி மோனிஷாவைக் கடந்து போனார்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்காக அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அவள் பிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து இஸ்மாயில் கூப்பிட்டான். “எங்கேருந்து வந்துச்சுன்னு பிடிச்சிட்டேன் மேடம். கீழ ஒரு காரணம், மேல ஒரு காரணம். கீழ இருபது வருசமா விவசாயம் விட்டுப்போயி வயலெல்லாம் தரிசா கிடக்கு. போர் போட்டு உறிஞ்ச ஆள் இல்ல. ஆனா அது மட்டும்னா இன்னும் அம்பது வருசம் ஆகியிருக்கும். மேல, மலையில, ஒரு இடம் இருக்கு. தொள்ளாயிரம் ஹெக்டேர். அங்க என்னமோ நடந்திருக்கு.”

“என்ன நடந்திருக்கு?”

“படத்துல பாத்தா, முன்ன தேயிலையும் தைல மரமும். இப்ப சோலைக்காடு. இவ்வளவு வேகமா காடு தானா திரும்பாது மேடம். போய்ப் பாருங்க.”

அறுபது கிலோமீட்டர் ஏறி, பாதி சிதைந்த எஸ்டேட் சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தாள். வளைவு திரும்பியதும் அவள் கால் நின்றுவிட்டது. பாசி படிந்த குட்டை மரங்கள் ஒன்றோடொன்று கை கோத்து மலையை மூடியிருந்தன. எங்கு பார்த்தாலும் நீர் கசிந்தது. பாறை, வேர், பாதையோரம் என்று எங்கிருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்தச் சொட்டுகளைத்தான் அவள் கீழே ஆறாகப் பார்த்தாள்.

காட்டுக்குள் ஒரு நீளமான கட்டடத்தில் வரிசையாக முப்பத்து நான்கு வாசல்கள். தேயிலைத் தொழிலாளர்களின் லயம். முன்னால் கேரட்டும் பீன்ஸும் போட்டிருந்தார்கள். அவளை எதிர்கொண்ட பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். கையில் கத்தி, தலையில் கட்டிய துண்டு.

“லில்லி புஷ்பம். யாரத் தேடுறீங்க மேடம்?”

மோனிஷா சொன்னாள். கீழே ஆறு வந்ததைச் சொன்னதும் லில்லி நம்பவில்லை. மோனிஷா கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். லில்லி நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு லயத்துப் பக்கம் திரும்பிக் கூவினாள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள் வந்து கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள்.

“இருபத்தெட்டு வருசம் முன்ன கம்பெனி மூடிட்டுப் போயிருச்சு,” என்றாள் லில்லி. “கரண்ட்டு கட், தண்ணிப் பைப்பும் கட். எறங்கிப் போயிடுங்கன்னாங்க. எங்க போறது? தாத்தா காலத்துல அக்கரைத் தோட்டத்துலேருந்து கடல் தாண்டித் திருப்பி அனுப்புனாங்க, இங்க வந்தோம். இன்னொருக்க மூட்டை கட்ட முடியாதுன்னு எங்க ஆளுங்க உக்காந்துட்டாங்க. அப்ப இங்க ஒரே ஒரு ஊத்து, அதுவும் மாசியில காஞ்சிரும். தைல மரத்துக்குப் பக்கத்துல ஊத்து நிக்காதுன்னு தெரியும். அதனால ஒவ்வொரு மரமா பட்டைய உரிச்சுச் சாகவிட்டோம். அதே மாதிரி தண்ணிய உறிஞ்சுற சீகை மரத்தையும் மொளைக்க மொளைக்கப் புடுங்கினோம். பள்ளத்துல கொஞ்சம் சோலை மிச்சமிருந்துச்சு. அங்கேருந்து நாத்து எடுத்து நட்டோம். வாரத்துல ரெண்டு நாள், வீட்டுக்கு ஒரு ஆளு. இன்னைக்கும் பெரட்டு வச்சு ஆள் எண்ணித்தான் போறோம்.”

“இருபத்தெட்டு வருசமாவா?”

“குடிக்கத் தண்ணி வேணும்ல மேடம். ஆறு வரணும்னு எல்லாம் ஒண்ணும் செய்யல.”

மோனிஷா பாசிமேல் உட்கார்ந்தாள். முப்பத்து நான்கு குடும்பங்கள் தாகத்துக்குச் செய்த வேலை, அறுபது கிலோமீட்டர் மண்ணுக்கடியில் இறங்கி நடந்து, அவர்கள் கேள்விப்பட்டேயிராத இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை நகர்த்தியிருக்கிறது. இதில் யார் மேல் குற்றம் சொல்வது, யாரைக் கும்பிடுவது?

பையிலிருந்த கருவி ஒலித்தது. நிலக்கண் இந்த இடத்துக்கு வகை சொல்லிவிட்டது. ‘இயற்கைக் காடு. உறுதி: தொண்ணூற்றாறு சதவீதம்.’

அதன் கீழ் அவள் ரேகைக்கான கட்டம். ‘சரி’ வைத்தால் முப்பதாம் நாள் லயம் காலியாக வேண்டும். காட்டுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. ‘தவறு’ வைத்துத் ‘தோட்டம்’ என்று மாற்றினால், குத்தகை இன்னும் முடியாத கம்பெனி மறுநாளே ரம்பத்தோடு ஏறும்.

அவள் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லில்லி கருவியை எட்டிப் பார்த்தாள்.

“மொத்தம் எத்தன வகை மேடம்?”

“பதினொண்ணு.”

“அதுல நாங்க எதுல வர்றோம்?”

மோனிஷா பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு காட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தொள்ளாயிரம் ஹெக்டேரையும் விரலால் சுற்றி ஒரே எல்லையாக வளைத்தாள். வகை என்ற இடத்தில் ‘குடியிருப்பு’ என்று தேர்ந்தெடுத்தாள். காரணம் கேட்டது. ‘நேரில் பார்த்தேன். இது முழுவதும் இவர்கள் வீடு’ என்று எழுதி விரலை வைத்தாள். குடியிருப்பிலிருந்து யாரையும் எழுப்ப முடியாது. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் யாரும் ஒரு மரத்தைத் தொடவும் முடியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இஸ்மாயிலின் அழைப்பு வந்தது.

“என்ன மேடம் செஞ்சீங்க?”

“வேலை போயிருச்சா?”

“அது அப்புறம். நீங்க வச்ச ரேகையை அது படிச்சிருக்கு. ஒரு ராத்திரியில படுகை முழுக்கத் திரும்பிப் பாத்திருக்கு. அறுபத்தோரு இடத்துல வகைய மாத்தியிருக்கு மேடம். எல்லாமே குடியிருப்பு. எதுலயும் இன்னைக்குக் கூரை இல்ல. எல்லாம் காஞ்ச நிலம், செத்த கல்குவாரி, வெட்டவெளி.”

“ஆகப்போறத சொல்லுதா?”

“ஆள் இருந்தா தண்ணி குறையும்னுதான் மேடம் இதுவரைக்கும் அதுக்குத் தெரியும். ஆள் இருந்தாலும் கூடும்னு நேத்துதான் முதல் தடவையா கேள்விப்பட்டிருக்கு. அதுலருந்து, ஆள் குடிவந்தா தண்ணி கூடுற எடம் எங்க எங்கன்னு தேடுது.”

அவள் மிக அருகிலிருந்த இடத்துக்குப் போனாள். கைவிட்ட கல்குவாரி. வெள்ளைத் தூசி, பிளந்த பாறை, அடியில் ஒரு பச்சைக் குட்டை. காக்கைகூட இல்லை. கருவி ‘குடியிருப்பு’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. யார் வருவார்கள், யாராவது போய்ச் சொன்னால்தானே என்று திடீரென்று அவளுக்கு உறைத்தது.

ஜீப்பைத் திருப்பி நேராக விற்பனைக்கூடத்துக்கு ஓட்டினாள். சேலைத் தடுப்புகளுக்கு நடுவே நாச்சிமுத்து உட்கார்ந்து, நீரிலிருந்து மீட்ட தறிச்சாமான்களின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்தாள். மலையையும் லயத்தையும் லில்லியையும் தைல மரப் பட்டையையும் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார். பாதியில் தேய்ப்பது நின்றது.

“குடிக்கத் தண்ணி வேணும்னு நட்டாங்களா?”

“ஆமாங்க. அதே மாதிரி ஒரு பழைய கல்குவாரியில நீங்க குடியேறலாம்னு மிஷின் சொல்லுதுங்க.”

“அந்தக் குவாரியில என்னங்க இருக்குது?”

“கல்லு. தூசி. வேற ஒண்ணும் இல்லீங்க.”

“தண்ணி?”

“ஒரு குட்டை. அதுவும் மழைத்தண்ணி.”

“அப்பறம் எத வச்சு எங்கள அங்க கூப்பிடறீங்க?”

மோனிஷா கருவியை எடுத்து அவர் முன் வைத்தாள். வெள்ளை வெளேரென்ற பாறையின் மேல் அந்த ஒற்றைச் சொல் எரிந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். எழுந்து, மூன்று தடுப்புகளுக்கு அப்பால் இருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வந்ததும் சொன்னார்.

“அந்தக் கடப்பாரைய எடு. மலையில நாத்துக் குடுப்பாங்களான்னு இந்தம்மணிகிட்டக் கேளு.”

ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “வண்டிய எடுங்க, போய்ப் பாத்துப்போட்டு வருவோம்.”